முதல் கைப்பிடி மண்

ஏழாவது நண்டின் கொடுக்குகளை மடக்கிப் பிடித்து நைலான் கயிற்றைக் குறுக்கே சுற்றிக்கொண்டிருந்தபோது மாதா கோயில் மணி அடித்தது. செசிலியா கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்தவாறே எண்ணினாள். ஒன்று. நீண்ட இடைவெளி. இரண்டு. மீண்டும் இடைவெளி. மூன்று. அந்தக் குப்பத்தில் குழந்தைக்கு ஒன்று, பெண்ணுக்கு இரண்டு, ஆணுக்கு மூன்று. மூன்றோடு மணி நின்றுபோயிற்று.

“போய்ட்டாரு” என்றாள்.

எதிரே வலை பொத்திக்கொண்டிருந்த பால்ராஜ் தலையை நிமிர்த்தவில்லை. கிழிந்த கண்ணியில் ஊசியை நுழைத்து, முடிச்சைப் போட்டு, இழுத்து இறுக்கிய பிறகுதான் பேசினான்.

“காலைலயே கஞ்சி எறங்கலன்னு எலிசபெத்தக்கா சொல்லிச்சு. அப்பவே நெனச்சேன்.”

இறந்தவன் ஜெரோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அதே கோயிலின் பீடத்துக்கு முன்னால், சாமியார் கைகளை இணைத்துவைக்க, செசிலியாவை மணந்தவன். மூன்றாம் ஆண்டின் முடிவில் இழுவைப் படகு வேலைக்கென்று விசாகப்பட்டினத்துக்குப் போனவன், அங்கேயே வேறொருத்தியோடு குடும்பம் நடத்தினான். சென்ற ஆடி மாதத்தில்தான், வீங்கிய வயிறும் மஞ்சள் பூத்த கண்களுமாக, தன் அக்காள் எலிசபெத்தின் வாசலில் ஆட்டோவிலிருந்து இறக்கப்பட்டான்.

பால்ராஜோ செசிலியாவோடு பதினெட்டு ஆண்டுகளாக வாழ்பவன். குடும்ப அட்டையில் அவன் அவளுடைய கணவன். கோயில் புத்தகத்தில் அவன் யாருமில்லை. கணவன் உயிரோடிருக்கையில் மனைவி இன்னொருவனை மணக்கலாகாது என்பது திருச்சபையின் சட்டம். அந்தச் சட்டம் ஒருநாளும் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிப்போய் ஜெரோமைத் தேடியதில்லை. அது செசிலியாவின் வீட்டுவாசலிலேயே குந்தியிருந்தது. அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதற்கும் ஊர் ஒரு காரணம் வைத்திருந்தது.

பதினைந்து வயதிலிருந்து மாதா பிரார்த்தனையை முன்னின்று சொல்லிவந்தவன் பால்ராஜ். அவன் குரலெடுத்தால் துறையில் நிற்பவர்களும் தலைத்துண்டை அவிழ்ப்பார்கள். செசிலியாவுக்குத் தாலி கட்டிய வாரமே கோயில் கமிட்டிக்காரர்கள் அவன் கையிலிருந்த பிரார்த்தனைப் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவன் ஒரு சொல்லும் மறுத்துப் பேசாமல் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இருவரும் கடைசி வரிசையில் அமர்ந்தார்கள். நற்கருணை வாங்க ஊரே எழுந்து வரிசையில் நிற்கும்போது, போகிறவர்களுக்கு வழிவிட்டுக் கால்களை ஒடுக்கிக்கொள்வதே அவர்களுடைய வழிபாடாக இருந்தது. அந்த வரிசையில் அவனை ஒருமுறை நிற்கவைத்துவிட வேண்டும். செசிலியா கடவுளிடம் கேட்டது அதற்குமேல் ஒன்றுமில்லை.

ஜெரோமுக்கு அந்தக் காத்திருப்பு வாய்க்கவில்லை. சென்ற வாரம் சாமியார் வந்து அவன் கட்டிலருகே அரைமணி நேரம் அமர்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளும் அந்த அரைமணி நேரத்தில் வெளுத்துப்போயின. நாவில் நற்கருணையோடு அவன் சாய்ந்து படுத்ததை எலிசபெத் தெருவெல்லாம் சொல்லிவந்தாள்.

“உள்ள கீறீங்களா?”

வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றவர் தேவதாஸ் உபதேசியார். சாமியார் இல்லாத நாள்களில் கோயிலைப் பார்த்துக்கொள்பவர். செசிலியாவுக்குத் திருமணப் பாடம் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. கணவனும் மனைவியும் ஒரே உடல் என்றும், மனைவியின் உடல்மீது கணவனுக்கு உரிமை உண்டு என்றும், அவ்வாறே கணவனின் உடல்மீது மனைவிக்கும் உண்டு என்றும் அன்று அவர் நிறுத்தி நிதானமாகத்தான் கற்பித்தார். ஊர் முதற்பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டது.

“ஒக்காருங்க உபதேசியாரே.”

“ஒக்கார நேரமில்லம்மா. நாலு மணிக்கு அடக்கம். பொன்னேரிலேர்ந்து சாமியார் வந்துகினு கீறாரு.” குரலைத் தாழ்த்தினார். “இனிமே உனக்குத் தடையில்ல. புருசன் செத்தா கட்டு அவுந்துபோச்சுன்னு பவுலடியாரே சொல்லிகீறாரு. மூணு ஞாயிறு கல்யாண ஓலை வாசிச்சா முடிஞ்சிது. ஆனா, வாசிக்கும்போது ஆட்சேபணைன்னு யாரும் எழுந்து நிக்கக் கூடாது. எலிசபெத்து நிக்கும்.”

“அதான் கட்டு அவுந்துபோச்சே. இன்னான்னு நிக்கும்?” என்றான் பால்ராஜ்.

“என் தம்பிக்குத் துக்கம் காக்காதவளுக்கு இன்னா கல்யாணம்னு நிக்கும். நின்னா சாமியார் ஆயர் இல்லத்துக்கு எழுதுவாரு. பதில் வர்றதுக்குள்ள நீ கெழவனாயிடுவ.”

“இப்ப மட்டும் இன்னா, மாப்பிள்ளையா?”

உபதேசியார் சிரிக்கவில்லை. “இதக் கேளும்மா. நீ வந்து தலைமாட்டுல ஒக்காரு. உங்கண்ணன் தானியேலு கோடி கொண்டாரட்டும். ஜெரோமு கட்டின அந்தப் புறாத்தாலிய எறக்கிப் பொட்டிக்குள்ள வச்சிடலாம். கல்லறைல மொதக் கைமண்ணு நீ போடு. மொத மண்ணு போட்டவதான் பொண்டாட்டி. ‘மனைவி செசிலியா’ன்னு சாவுப் புத்தகத்துல அங்கயே எழுதிடறேன். அப்புறம் எவ எழுந்து நிப்பா?”

செசிலியாவின் கை தன்னையறியாமல் மார்புப் பக்கம் போயிற்று. “புறாத்தாலியா?”

“அது எங்கம்மா செஞ்சு போட்டதுன்னு எலிசபெத்து சொல்லுது. தம்பி கட்டினத கழுத்துல வச்சிகினே இன்னொருத்தனோட கீறான்னுதானே ஊரே பேசுது. உனக்குத் தெரியாததா?”

பால்ராஜ் அவளைப் பார்த்தான். அவள் நண்டுக்கூடையைப் பார்த்தாள். உபதேசியார் குடையை விரித்துக்கொண்டு புறப்பட்டார்.

அடுத்த நண்டைக் கையில் எடுத்துக்கொண்டே அவள் கேட்டாள். “உயிரோட கீற உன்ன எதிர்ல வச்சிகினு நான் தாலி எறக்கணுமா?”

“கெணத்தாண்ட தண்ணி மொள்ள வந்தாளே, சமாரியாக்காரி. அஞ்சு புருசன் கண்டவ. அவகிட்ட ஏசுசாமி தண்ணி கேட்டாரு. தாலி எங்கன்னு கேக்கல.”

“அப்ப, போவேணாங்கிறியா?”

“போன்னுதான் சொல்றேன்.” ஊசியை வலையில் செருகிவிட்டு எழுந்தான். “மூணு வருசம் நீ சோறாக்கிப் போட்ட ஆளு செத்துகீறாரு. நீ அழணும்ல.”

எலிசபெத்தின் வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். நான்கு நாள் பெய்து ஓய்ந்த கார்த்திகை மழையின் நீர் தார்ப்பாயில் தேங்கித் தொங்கியது. செசிலியா உள்ளே நுழைந்ததும் ஒப்பாரி ஒரு கணம் தடைப்பட்டது. பெண்கள் அவளுடைய கண்களைத்தான் முதலில் பார்த்தார்கள். அவை உலர்ந்திருந்தன.

ஜெரோம் பெட்டிக்குள் வெள்ளைச் சட்டையில் கிடந்தான். முகம் துப்புரவாக மழிக்கப்பட்டிருந்தது. இந்த நான்கு மாதமும் சனிக்கிழமைதோறும் அவனுக்கு முகம் மழித்துவிட்டவன் பால்ராஜ்தான். இன்றும் அவளுக்கு முன்னால் வந்து மழித்துவிட்டுப் போயிருந்தான். இளம் வயதில் இருவரும் ஒரே தோணியில் போனவர்கள். அந்த வேளைகளில் அவர்கள் என்ன பேசினார்கள் என்று அவள் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

தலைமாட்டில் அமர்ந்தாள். வாய் திறந்துகொள்ளாதிருக்க மோவாயைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். முடிச்சு இடது காதின் கீழே விழுந்திருந்தது. அங்கேதான் தூண்டில் முள் கிழித்த தழும்பு. மணமான முதல் மாதம், தலைக்கு எண்ணெய் வைத்தபோது அவளுடைய விரல் அதில் பட்டுவிட, “அத்த மட்டும் தொடாதே சிசிலி, உயிர் போவுது” என்று துள்ளி எழுந்து, பிறகு இருவரும் சிரித்தது நினைவுக்கு வந்தது. வந்தது நினைவுதானா என்று அவள் தெளிவதற்குள் கை நீண்டுவிட்டது. துணியை மெல்ல நகர்த்தி, முடிச்சை வலப்பக்கத்துக்கு மாற்றினாள். தழும்பு வெளியே தெரிந்தது. இன்னும் இளஞ்சிவப்பாகவே இருந்தது.

அதன் பிறகுதான் அழுகை வந்தது. சத்தமாக வரவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. எதிரே நின்ற எலிசபெத் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தானியேல் வெள்ளைச் சேலையோடு வந்தான். தங்கையின் முகத்தைப் பார்க்கும் துணிவின்றிச் சேலையை அவள் தோளில் போட்டுவிட்டு ஒதுங்கினான். எலிசபெத் குனிந்தாள்.

“தாலிய எடுடி. எங்கம்மா காதுத் தோட்ட அழிச்சிச் செஞ்ச புறா அது. அவன்கூடவே போவட்டும்.”

“அது எங்கிட்ட இல்ல அண்ணி.”

“கழுத்துல கயிறு தெரியுது. கண்ணு அவிஞ்சா கீது எனக்கு?”

செசிலியா மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்துக் காட்டினாள். கயிற்றின் நுனியில் தொங்கியது புறா அன்று. சுண்டுவிரல் நகமளவே ஆன சிலுவை.

“இது பால்ராஜு கட்டினது” என்றாள். “உங்க தம்பி கட்டினத, விசாகப்பட்டினம் போற அன்னிக்கு அவரே என் கழுத்துலேர்ந்து கழட்டி எடுத்துகினு போனாரு. செலவுக்கு வேணும், ரெண்டு மாசத்துல மீட்டுத் தரேன்னாரு. வெளிய சொல்லாதேன்னாரு. சொல்லல.”

“செத்தவன் எழுந்து வந்து இல்லன்னு சொல்லமாட்டான்னு பேசறியா?”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. நண்டு கட்டும் இடத்தில் செசிலியாவுக்குப் பக்கத்தில் உட்காரும் கோமளா அவள்.

“யக்கா, நான் உங்க கோயிலும் இல்ல, உங்க கமிட்டியும் இல்ல. கொழாயடில இவகூடக் குளிச்சவ நான். நாலு வருசம் வெறும் மஞ்சத்துண்டக் கயித்துல கட்டிகினு திரிஞ்சா. தாலி அடகுல கீதான்னு கேட்டா, ஊறுது, தேய்ச்சிக் கழுவ வச்சிகீறேன்னு சொல்லுவா. நாலு வருசமாடி ஊற வப்பாங்க? உளுந்தா அது?”

யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். எலிசபெத்தின் முகம் வெளிறிற்று. தம்பியைப் பார்த்தாள். அவன் கண்கள் மூடியிருந்தன. அவனிடமிருந்து அவளுக்கு எந்த உதவியும் கிடைக்கவில்லை.

“எனக்கு எடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல அண்ணி” என்றாள் செசிலியா. “அவரே எடுத்துட்டாரு. பால்ராஜு உயிரோட கீறான். அவன் கட்டினத நான் எறக்கமாட்டேன்.”

எலிசபெத் நிமிர்ந்தாள்.

“சரி. அப்ப நீ என் தம்பிக்குப் பொண்டாட்டி இல்ல. மொத மண்ண நானே போட்டுக்கறேன். உபதேசியாரே, கேட்டுக்குங்க.”

உபதேசியார் செசிலியாவை ஒருமுறை பார்த்தார். பிறகு கையிலிருந்த சாவுப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டார். பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தது ஒரு வாக்கியத்தில் முடிந்துபோனதை அவள் அறிந்தாள். தோளில் கிடந்த கோடிச் சேலையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து போய்விடத்தான் நினைத்தாள், ஆனால் போகவில்லை. அழுவதற்கு வந்தவள், அழுது முடிக்கவில்லை.

கோயிலில் இளம் சாமியார், சொத்தை அழித்துத் திரும்பிவந்த இளைய மகனைத் தந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதை உருக்கமாகப் பிரசங்கித்தார். கொழுத்த கன்றைப் பற்றிச் சொன்னார், மோதிரத்தைப் பற்றிச் சொன்னார். அந்த மகன் புறப்பட்டுப் போன வீட்டில் ஒரு மனைவி இருந்திருந்தால் அவள் கதி என்ன என்பதைப் பற்றி அவரும் சொல்லவில்லை. கடைசி வரிசையில் பால்ராஜ் தலைகுனிந்து அமர்ந்திருந்தான். நற்கருணை வேளையில் தானியேலுக்கும் கமிட்டிக்காரர்களுக்கும் வழிவிட்டு, வழக்கம்போலக் கால்களை ஒடுக்கிக்கொண்டான்.

கல்லறைத் தோட்டம் ஏரியை ஒட்டிய மணல்மேட்டில் இருந்தது. மேடு என்பது பெயர்தான். மழைக்காலத்தில் முழங்கால் ஆழம் தோண்டினாலே உப்புநீர் சுரக்கும். மதியம் இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டிய குழியில் பாதிக்கு நீர் நின்றது. இரண்டு பேர் வாளியால் இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஊறியது. சாமியார் மந்திரித்த தண்ணீரைத் தெளித்து, செபத்தை முடித்துவிட்டு, எளாவூரில் இன்னொரு அடக்கத்துக்குப் புறப்பட்டுப் போனார்.

கயிற்றை விட்டுப் பெட்டியை இறக்கினார்கள். பெட்டி அடியில் போய் அமரவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து, மிதந்து, குழியின் சுவரில் தட்டியது. தோணி தள்ளும் கழிகள் இரண்டைக் கொண்டுவந்து அழுத்திப் பார்த்தார்கள். ஈரப் பலகையில் கழிகள் வழுக்கின. பெட்டி திரும்பி, கால்மாடு மேலே கிளம்பியது.

“ஐயோ, மொதக்கறானே! மண்ணு கூட அவன வாங்கமாட்டேங்குதே!” என்று எலிசபெத் தலையில் அடித்துக்கொண்டாள்.

மண் விழுந்து கனக்கும்வரை பெட்டிமேல் ஒருவர் ஏறி நிற்க வேண்டும். குப்பத்து வழக்கத்தில் உடன்பிறந்தவன்தான் இறங்குவான். பிறர் குழியில் கால்வைத்தால் அடுத்த சாவு அவருடையது என்பார்கள். ஜெரோமுக்கு உடன்பிறந்தவன் கிடையாது. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தானியேல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டத்தின் விளிம்பிலிருந்து பால்ராஜ் வந்தான். வேட்டியைத் தூக்கிக் கட்டினான். குழியின் ஓரத்தில் கையை ஊன்றி, பெட்டியின் நடுப்பாகத்தில் ஒரு காலை வைத்தான், அது ஆடியது. நீரோட்டத்தில் தோணியின் ஆட்டத்துக்கு உடம்பைக் கொடுப்பதுபோல் கொடுத்து, மறுகாலையும் வைத்தான். பெட்டி மெதுவாக இறங்கி அடியில் தட்டியது. அதன் மூடிக்குமேல் நீர் வந்து அவன் கணுக்காலைச் சூழ்ந்தது.

“ம், போடுங்க” என்றான். “ரொம்ப நேரம் நிக்க முடியாது. பாரம் பத்தல.”

எலிசபெத் குனிந்து கை நிறைய மணலை அள்ளினாள். குழியின் ஓரத்துக்கு வந்தாள். அவளுக்கு நேர் எதிரே, முழங்காலுக்குமேல் தெரிய, பால்ராஜ் நின்றான். அவள் கை உயர்ந்தது. உயர்ந்தபடியே நின்றது. அவனுடைய தாடையில் காய்ந்துபோன ஒரு துளி சோப்பு நுரை ஒட்டியிருந்தது. தம்பியின் முகத்தைக் கடைசியாக மழித்துவிட்டுத் தன் முகத்தையும் அந்த நுரையிலேயே அவசரமாக மழித்திருக்கிறான். அதை அவள் எவ்வளவு நேரம் பார்த்தாளோ தெரியாது. மணல் விரலிடுக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது.

“அக்கா” என்றான் பால்ராஜ்.

எலிசபெத் திரும்பினாள். பெண்களை விலக்கிக்கொண்டு செசிலியாவிடம் வந்தாள். மடித்த சேலையைப் பற்றியிருந்த அவளுடைய வலக்கையை இழுத்து, விரித்து, தன் கையில் மிஞ்சியிருந்த மணலை அதில் கொட்டினாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். உபதேசியார் அக்குளிலிருந்த புத்தகத்தை எடுத்து, பேனாவின் மூடியைத் திறந்தார்.

செசிலியா குழியின் ஓரத்தில் நின்றாள். வீசினால் மண் அவன்மேல்தான் விழும். உயிரோடிருப்பவன்மேல், குழிக்குள் நிற்பவன்மேல். கை எழவில்லை. பின்னால் கூட்டம் காத்திருந்தது.

“போடு” என்றான் அவன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “எனக்கு ஒண்ணும் ஆவாது.”

அவள் வீசவில்லை. ஈரமணலில் மண்டியிட்டாள். ஒரு கையால் அவனுடைய முழங்காலைப் பற்றிக்கொண்டு, மறுகையைத் தண்ணீருக்குள் விட்டு, அவனுடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவே பலகைமேல் மண்ணை வைத்து, அது கரைந்து போகாதபடி உள்ளங்கையால் அழுத்தினாள். கையை எடுத்தபோது, கலங்கிய நீருக்கடியில் ஐந்து விரல்களின் பதிவு சற்று நேரம் தெரிந்தது. அதன் இருபுறமும் பால்ராஜின் பாதங்கள், அசையாமல்.